இமயத்தின் இருவேறு கிரானைட்டுகள்

லடாக்கில் லே நகருக்கு வடக்கே நீண்டு கிடக்கும் கிரானைட் மலைத்தொடரும், கங்கோத்ரிக்கு மேலே சிவ்லிங் சிகரமாக நிமிர்ந்து நிற்கும் வெளிர்நிறக் கிரானைட்டும் பிறந்த காலத்தாலும் பிறந்த முறையாலும் வேறுபட்டவை. பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு வெளியே வழியாமல் மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகும்போது, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், காக்காப்பொன் எனப்படும் மைக்கா ஆகிய கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய படிகங்களாக வளர்ந்து கிரானைட் ஆகின்றன என்பது இரண்டுக்கும் பொது. அந்தக் குழம்பு எதிலிருந்து உருகி வந்தது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

இந்திய நிலப்பரப்புக்கும் ஆசியாவுக்கும் இடையே ஒரு காலத்தில் தெத்திஸ் என்னும் கடல் இருந்தது. அதன் தரைப்பாறை ஆசியாவின் அடியில் செருகி இறங்கியபோது வெளிப்பட்ட நீர், மேலே இருந்த மேன்டில் என்னும் பூமியின் இடையடுக்கின் உருகுநிலையைக் குறைத்தது. அங்கு உருவான குழம்பின் வழிவந்ததே லடாக் கிரானைட். அதன் பெரும்பகுதி சுமார் 7 கோடி முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

கடல் மறைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலப்பரப்புகளும் மோதிக்கொண்ட பின்னரே இரண்டாவது கதை நிகழ்கிறது. மேலோடு மடிந்து தடித்ததால் ஆழத்தில் புதைந்த பழைய களிமண் படிவுகள், யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களின் வெப்பத்தால் சூடேறின. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் அவற்றிலிருந்த வெண்மைக்கா சிதைந்து, தன்னுள் இருந்த நீரை விடுவித்துப் பாறையை உருக்கியது. சிவ்லிங்கின் கிரானைட் இவ்வாறு சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியது. இதில் கருநிற டூர்மலின் படிகங்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம், அதற்குத் தேவையான போரானைக் களிமண் படிவுகள் ஏற்கெனவே தேக்கி வைத்திருந்ததே.

இந்த வேறுபாட்டுக்கு இன்னும் உறுதியான சான்று ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமத்தில் கிடைக்கிறது. ருபீடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆவதால், ருபீடியம் மிகுந்த பழைய மேலோட்டுப் பாறைகளில் ஸ்ட்ரான்சியம்-86க்கு எதிரான அதன் விகிதம் காலப்போக்கில் உயர்கிறது. மேன்டிலிலிருந்து வந்த லடாக் கிரானைட்டில் இந்த விகிதம், பாறை இறுகிய காலத்துக்குக் கணக்கிட்டால், 0.705ஐ ஒட்டியே இருக்க, சிவ்லிங் போன்ற உயர் இமயத்தின் வெளிர்நிறக் கிரானைட்டுகளில் பெரும்பாலும் 0.73ஐத் தாண்டுகிறது. அவை மேன்டிலின் பிள்ளைகள் அல்ல, இந்திய மேலோடே உருகி உருவானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் அரிது.

8,485 மீட்டர் உயரமுள்ள மகாலு சிகரம் இந்த வெளிர்நிறக் கிரானைட்டால் ஆனது. அருகிலுள்ள எவரெஸ்டிலோ அடிப்பகுதியில் மட்டுமே அதைக் காண முடிகிறது. உச்சிக்குக் கீழே ஓடும் ஒரு பெரும் பிளவுக்கு மேல், பழங்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அமர்ந்திருக்கிறது.