ஊர் ஊராய் உலை – 14: வேலூரில் கொதிக்கும் வங்காளக் குழம்பு

வடதுருவத்துக்குப் பக்கத்தில் லாங்யியர்பியன் என்று ஓர் ஊர். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 டிகிரி வடக்கே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரியில்தான் மறுபடி தலைகாட்டும். மொத்த ஜனமே இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த ஊரில் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, தாய்லாந்து மளிகையும் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த நார்வேக்காரர்களைக் கட்டிக்கொண்டு முதலில் சில பெண்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் தங்கை, தம்பி, சித்தி மகள் என்று வந்து சேர்ந்தார்கள். 1920இல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின் தயவில் அங்கே தங்க விசா கேட்பதில்லை. பனிக்கரடி உலவுகிற ஊரில் எலுமிச்சைப் புல் வாசம் வந்த கதை இவ்வளவுதான்.

உலகமே இதை அதிசயமாகப் பேசுகிறது. வேலூர் பாகாயத்துக்காரனான எனக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற எங்கள் வேலூரில், பிரியாணிக்கும் தோலுக்கும் பேர்போன இந்த வட்டாரத்தில், கடுகெண்ணெயில் பொரிந்த ரோகு மீனும் உருளைக்கிழங்கு போட்ட தண்ணிக் குழம்பும் தினம் தினம் விற்கின்றன. காட்பாடியில் டவுன் பஸ் ஏறி சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குங்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் பாதிப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும். லாட்ஜ், மருந்துக்கடை, டிக்கெட் புக்கிங், மெஸ் எல்லாமே அப்படித்தான். செல்போன் ரீசார்ஜ் செய்கிற நம்ம பையன்கூட வங்காளத்தில் பேரம் பேசுவான்.

1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம்தான் இதற்கெல்லாம் வித்து. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. பிறகு அது சி.எம்.சி.யாக வளர்ந்து, பாகாயத்தில் மலையடிவாரத்தில் கல்லூரி வளாகமாக இறங்கியது. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் வரைக்கும் "வேலூர்" என்றால் ஊர்ப் பெயராகக் கேட்காது, ஆஸ்பத்திரியாகத்தான் கேட்கும். மேகாலயாவும் மிசோரமும் இங்கே தங்கள் மாநிலத்தவருக்காக அரசு விடுதியே வைத்திருக்கின்றன. ஹவுராவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் பெங்களூரு போகிற ரயில்கள் காட்பாடியில் நின்று போகின்றன. முப்பது மணி நேரம், நாற்பது மணி நேரம் உட்கார்ந்து வருகிறவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்தபடி இறங்குவார்கள்.

இறங்கியதும் வயிறு கேட்கும். இட்லி அவர்களுக்கு இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் புளிப்பு என்பார்கள். சாம்பாரைக் கண்டால் இன்னும் பயம். சோறு மட்டும் சண்டையில்லை, ஏனென்றால் அவர்களும் நம்மைப் போலப் புழுங்கலரிசிக்காரர்கள்தான். இதைக் கண்டுகொண்ட லாட்ஜ்காரர்கள் அறையோடு சமையல் மேடையும் கொடுத்தார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு வந்தன. சமைக்க ஆள் இல்லாதவர்களுக்கு மெஸ் வந்தது.

இந்தப் பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. பாகாயத்தில் இருக்கிற மனநல மையமும் மறுவாழ்வு நிலையமும் ஒரு நாள், இரண்டு நாளில் அனுப்பிவைக்கிற இடங்கள் இல்லை. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது ஆரம்ப காலம் தொட்டு இருக்கிற நடைமுறை. 1966இல் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். முதுகுத்தண்டு அடிபட்டு வருகிறவர்கள் அங்கே உட்காரவும் நகரவும் புதிதாகப் பழக வேண்டும். வாரங்கள் மாதங்களாகும். மாதக்கணக்கில் கூட இருக்கிற அம்மாவும் மனைவியும் ஹோட்டல் சாப்பாட்டில் காலம் தள்ள முடியுமா?

பாகாயம் பக்கம் ஒரு சின்ன மெஸ். முதலாளி மேதினிப்பூர்க்காரர். அப்பாவின் வைத்தியத்துக்கு வந்தவர், அப்பா போன பிறகும் ஊர் திரும்பவில்லை. அடுப்படியில் நிற்பது தொரப்பாடி அக்கா. ஒரு மதியம் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரும்புக் கடாயில் கடுகெண்ணெய் ஊற்றி, வெண்புகை எழும்பும்வரை விட்டார். உப்பும் மஞ்சளும் தடவிய மீன் துண்டுகள் சடசடவென்று இறங்கின. அவை சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் ஒரு சிட்டிகை கருஞ்சீரகம், கீறிய பச்சை மிளகாய், விரல் நீளத்துக்கு வெட்டிய உருளைக்கிழங்கு. தண்ணீர் ஊற்றி மூடினார். புளி இல்லை, தேங்காய் இல்லை, வெங்காயம்கூட இல்லை.

"எண்ண நல்லா பொகையணும்ணா. இல்லாட்டி பச்ச வாட அடிக்கும். மொத மாசம் கண்ணெல்லாம் எரிஞ்சுது."

"இப்போ?"

"இப்போ எங்க ஊட்டுக் கொழம்புதான் எனக்குக் காரமா கீது."

பக்கத்து அடுப்பில் இன்னொரு சட்டி. அதில் பச்சைப் பப்பாளி, வாழைக்காய், இஞ்சி; மிளகாய் பெயருக்குத்தான். வயிறு அறுத்தவர்களுக்கும் மஞ்சள் காமாலைக்காரர்களுக்கும் அது. காலையிலேயே அறை எண்ணோடு சீட்டு வந்துவிடும்: இவருக்கு உப்பு குறை, அவருக்கு எண்ணெய் வேண்டாம், இன்னொருவருக்குக் குழைந்த சோறு. கொல்கத்தாவில் வங்காளச் சாப்பாடு என்றால் இலிஷ் மீன், இறால், இனிப்புத் தயிர் என்று விருந்தாக அடுக்குவார்கள். வேலூர் மெஸ்களின் தினசரி வருமானம் இந்தப் பத்தியச் சாப்பாட்டில்தான். நாம் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் எழுந்தவனுக்கும் விரால் வாங்கித் தருவதுபோல, அவர்கள் தேளி மீன் தேடுவார்கள். இதை ருசிக்கக் கிளம்பி வருகிற யூடியூப் தம்பிகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். சப்பென்று இருக்கிறது என்று வீடியோ போடுவார்கள். அது அவர்களுக்காகச் சமைத்ததே இல்லை.

மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வேடிக்கை. ரோகுவும் கட்லாவும் ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா மாவட்டக் குளங்களில் வளர்கின்றன. ஐஸ் பெட்டியில் லாரி ஏறி ஹவுரா மொத்தச் சந்தைக்குப் போவதும் அதே குளத்து மீன்தான். கொல்கத்தாக்காரர் சொந்த ஊரில் தின்பதும் ஆந்திரா மீன், வேலூருக்கு வந்து தின்பதும் ஆந்திரா மீன். எங்களுக்குக் காட்பாடி தாண்டினால் சித்தூர் என்பதால், அவர்கள் ஊரைவிட இங்கே அது சீக்கிரம் வந்துசேர்கிறது.

இந்த வியாபாரம் ஆஸ்பத்திரி டோக்கனை நம்பி ஓடுவது. 2020 ஊரடங்கில் நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் லாட்ஜ்களில் மாட்டிக்கொண்டார்கள். காசு கரைந்தது, மெஸ் மூடியது. மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டுத்தான் ஜார்க்கண்டுக்கும் வங்காளத்துக்கும் அனுப்பினார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து, இந்திய விசா சுருங்கியபோது வங்கதேச நோயாளிகள் வருவது அப்படியே குறைந்தது. லாட்ஜ் வாசல்களில் "ரூம் காலி" தொங்கியது. பாபு ராவ் தெருவில் காய்கறி விற்கிறவர்களுக்கு வெளியுறவுக் கொள்கை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்து, டாக்டர் "போய்ட்டு வாங்க" என்று சொன்ன அன்று பலரும் பிரியாணிக் கடைக்குப் போவார்கள். அங்கே ஒரு சின்னத் தகராறு நிச்சயம். 1856இல் பதவி பறிபோய்க் கொல்கத்தாவின் மெட்டியாபுருஜில் குடியேறிய லக்னோ நவாப் வாஜித் அலி ஷாவின் சமையலறையில் பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு நுழைந்தது என்பார்கள். அதில்லாத பிரியாணியைக் கொல்கத்தாக்காரர்கள் பிரியாணியாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் ஆம்பூர் பிரியாணிக்கும் ஆற்காட்டு நவாப் சமையல்காரர்கள் வழியில் வந்ததாகப் பெருமை உண்டு. சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், தயிர் வெங்காயம், அவ்வளவுதான். "ஆலு நஹி?" என்று அவர் சட்டியைத் துழாவச் சொல்வார். சர்வர் தம்பி புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, இன்னொரு கரண்டி கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைப்பான்.