புறக்கடைச் சேவலும் வெள்ளைக் கழிச்சலும்

சேவல் முட்டையிடுவதில்லை, ஆயினும் ஏழைக் குடும்பத்தின் கைப்பணம் அதுவே. அடைமழையில் தெருவில் பாவு விரித்துத் தோய இயலாமல் தறி நிற்கும் நாள்களிலும், நடவு முடிந்து கதிர் முற்றும் வரையுள்ள மாதங்களிலும், கடன் கேளாமல் எடுத்து விற்கக்கூடிய பொருள் அது. வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி முதலிய கொள்ளிடக்கரை ஊர்களின் அங்கத்தினர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்கைப்பணத்தை ஒரே வாரத்தில் ஊரோடு வாரிக்கொண்டு போகும் வியாதியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் சேவலின் இயல்பை அறிதல் நலம். சூரியனைக் கண்டே அது கூவுகிறது என்று பலர் எண்ணுவர். ஜப்பானிலுள்ள நகோயா பல்கலைக்கழகத்தார் மங்கிய ஒளி மாறாத அறையில் சேவல்களை வைத்துப் பார்த்தனர். விடியலே இல்லாத அவ்விடத்திலும் அவை ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை வேளை தவறாமல் கூவத் தொடங்கின. உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டென 2013-இல் அவர்கள் வெளியிட்டனர். கூட்டத்தில் முதன்மை பெற்ற சேவலே முதலில் கூவும், மற்றவை தத்தம் தகுதி வரிசைப்படி தொடரும் என்பதை 2015-இல் கண்டனர். இரை கண்டால் தான் உண்ணாது பெட்டைகளைக் கொக்கரித்து அழைப்பதும், வானில் பருந்தைக் கண்டால் எச்சரிப்பதும் அதன் கடமைகள். (காவிரிக்கரையில் சோழர் தலைநகராயிருந்த உறையூருக்குக் கோழி என்றும் ஒரு பெயர் உண்டு, யானையைக் கோழி வென்ற இடம் என்பது கதை. அவ்வூர் நுண்ணிய பருத்தித் துணிக்கும் பேர்பெற்றது என்பதை நெசவாளர்கள் நினைவிற் கொள்ளலாம்.)

ஆகவே, தலைமைச் சேவல் ஒரு காலையில் கூவாதிருந்தால் அதனைச் சோம்பல் எனத் தள்ளிவிடலாகாது. மாலையில் பஞ்சாரத்தில் அடைக்கும்பொழுது கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் மேய்ந்த கோழிக்கு அது நிரம்பியிருக்கும். இரைப்பை வெறுமையாய், இறக்கை தொங்கி, கொண்டை கருநீலமாய், கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாய்க் கண்டால் ஐயம் கொள்க. வாய் திறந்து மூச்சு வாங்குவதும், கழுத்து முறுக்கிக்கொள்வதும், கால் விளங்காமற் போவதும் அடுத்து வருவன. கொண்டையிலும் தாடியிலும் கொப்புளம் மட்டும் கண்டால் அது அம்மை, கொசுவாலும் பரவுவது, அதற்குத் தடுப்பூசி வேறு.

வெள்ளைக் கழிச்சலை நூல்கள் இராணிக்கேத் நோய் என்னும். இமயமலைச் சாரலில் குமாவூன் பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் 1927-இல் கண்டமையால் அப்பெயர். இங்கிலாந்தில் நியூகாசில் நோய் என்பதும் இதுவே. நச்சுயிரியால் வருவதாகலின் நோய் கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. மஞ்சளும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பதை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அவை தடுப்பூசிக்கு ஈடாகா.

தடுப்பூசியிலும் ஒரு சங்கடம் உளது. எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையடியில் அரை மில்லி போடப்படும் மருந்து, வழக்கமாக நூறு கோழிகளுக்குரிய உலர்ந்த தூளாக ஒரே குப்பியில் வருகிறது. உப்புநீரில் கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். ஏழெட்டுக் கோழி உடையவர் தனியே குப்பி வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். வாங்காவிட்டால் கோழி வீணாகும். தெருவிலுள்ள பன்னிரண்டு வீட்டார் ஒரே விடியற்காலையில் கூடினால் ஒரு குப்பி ஏறத்தாழ முழுதும் செலவாகும். ஒரு வீட்டார் விலகி நிற்பின் அவ்வீட்டுக் கோழிகளே நோய்க்குப் புகலிடமாகும். அரசின் கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தையொட்டி நடத்தும் இருவார முகாமில் ஊசி இலவசம். கோடைக்கு முன் அதனைத் தவறவிடுதல் பெரும்பிழை. ஊசிக்கு ஒரு வாரம் முன்னரே குடற்புழு நீக்குக. நோயுற்ற கோழிக்கு ஊசி போடலாகாது.

மற்றொன்று, சொல்வதற்குக் கசப்பானது. இரண்டு கோழி செத்தவுடன் எஞ்சியவற்றைச் சந்தைக்கு ஓட்டிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கூண்டிலும் செருப்பிலும் ஒட்டிச் செல்லும் எச்சமே அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டு சேர்க்கும். செத்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். சந்தையில் வாங்கிய புதுச் சேவலையும் இரண்டு வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தில் விடுக.