வாகனச் சக்கரங்களில் எழும் ரீங்காரமும் அதன் காரணம் அறியும் முறையும்

திருவள்ளூர் ஜில்லாவில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை தாலூகாக்களைச் சேர்ந்த குடியானவர்களில் அநேகர் இக்காலத்தில் கார், ஜீப்பு, சிறு சரக்கு லாரி ஆகியவற்றைச் சொந்தத்தில் வைத்திருக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் கடந்த வண்டிகளில், தை அறுவடைச் சமயத்தில் வண்டு முரல்வதையொத்த ஓர் இரைச்சல் கேட்பதுண்டு. 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கியதைப் போன்ற நீரில் சக்கரத்தின் குடம் முழுகினால், சீல் தளர்ந்த பேரிங்கினுள் நீரும் சேறும் புகுந்து கிரீஸைக் கெடுத்து உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். கேடு வெளிப்படுவது பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தேயாம்.

இரைச்சல் கேட்டவுடன் புதிய டயர்கள் வாங்கிவிடுவது சிலரது வழக்கம். டயரில் குற்றமில்லையெனில் பணம் போகும், இரைச்சல் போகாது. வேறு சிலர் டயர்ச் சப்தந்தானே என்று மாதக்கணக்கில் ஓட்டுகின்றனர். இது முன்னதைக் காட்டிலும் கெடுதியானது. முற்றிலும் பழுதான பேரிங்கினால் சக்கரம் இறுகி நின்றுவிடலாம், கழன்றும் விழலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை லாரிகள் ஓயாது செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

போக்குவரத்தில்லாத நேரான சாலையில் சிறிது நேரம் கிளச்சை மிதிக்க, எஞ்சினின் வேகம் குறைந்தும் இரைச்சல் குறையாதிருப்பின், அது பெரும்பாலும் சக்கரங்களைச் சேர்ந்ததே. தாரிட்ட சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்குச் சென்றதும் ஓசை வேறுபடுமாயின் டயரைச் சந்தேகிக்கலாம். வண்டியை நிறுத்தி, டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவினால், ஒருபக்கத் தேய்மானம் அரத்தின் பற்களைப்போல் கைக்குத் தட்டுப்படும். ஒரே அளவுள்ள டயர்களாயின் முன்னதையும் பின்னதையும் மாற்றிப் பூட்டிப் பார்ப்பதும் நன்று. டயரோடு ஓசையும் இடம் மாறும்.

பேரிங்கின் ஓசையோ சாலைக்குத் தக்கவாறு அவ்வளவாக மாறுவதில்லை, வளைவுகளிலேயே மாறும். வலப்பக்கம் திரும்புங்கால் பாரம் இடப்பக்கத்துச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது இரைச்சல் மிகுந்து, இடப்பக்கம் திரும்புகையில் தணிந்தால், பழுது இடப்பக்கத்ததென ஊகிக்கலாம். ஊகமே அன்றி முடிவன்று. வண்டிக்குள் ஓசை எதிரொலித்து ஓட்டுபவரை ஏமாற்றுவதுண்டு.

ஆகையால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் இருத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் கைகொடுத்து அசைக்க வேண்டும். ஆட்டம் காணப்பட்டால் மற்றொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். அப்பொழுது ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கினுடையது. நில்லாவிடில் வேறு மூட்டுகளைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுழலவிட்டு ஸ்பிரிங்கின்மேல் கைவைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரல்களுக்குத் தெரியும். ஆட்டமில்லை என்பதனாலேயே பேரிங்கு நல்லதென்று கொள்ளலாகாது.

தற்காலக் கார்கள் பலவற்றில் பேரிங்கு மூடி முத்திரையிடப்பட்டதாதலால், அதற்குக் கிரீஸ் இடுதல் இயலாது; மாற்றவே வேண்டும். டிராக்டர் டிரெயிலர்களில் பெரும்பாலும் கழற்றிக் கழுவக்கூடிய உருளைப் பேரிங்குகளே உள்ளன. வெள்ளத்தில் இறங்கிய டிரெயிலரின் குடங்களை நெல் ஏற்றுமுன் திறந்து, துருவோ பொத்தலோ கண்ட பேரிங்கை நீக்கி, நல்லதற்குப் புதுக் கிரீஸ் இட்டு, சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு நட்டை முடுக்குதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் குடம் சூடேறிப் புதிய பேரிங்கும் கெடும்.