பட்டணத்துப் பள்ளியில் தோட்டத்துப் பிள்ளை



ஆறாம் வகுப்பு வரைக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை, பட்டணத்துப் பள்ளிக்குப் போன முதல் மாதமே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறான். காலையில் எழுந்தால் வயிற்று வலி என்கிறான். அப்பன் இரண்டு அறை விடுகிறார். மூன்றாம் மாதம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "நான் வேலைக்கே போறேன்" என்கிறான். இது ஒரு வீட்டுக் கதையா? லயத்துக்கு லயம் இதே கதைதான்.

பிள்ளைக்கு மூளை இல்லையா? நன்றாகவே இருக்கிறது. அங்கே தனக்கு ஓர் இடம் உண்டு என்ற நினைப்புதான் இல்லை.

பினாங்குக்கு இது புதிய சங்கதியும் அல்ல. 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். எந்த இனத்துக்கும், எந்த மதத்துக்கும் திறந்த பள்ளி என்பதே அந்தப் பெயரின் பொருள். அங்கே ஒரு தமிழ் வகுப்பும் ஆரம்பமானது. அதைக் கணக்கில் வைத்துத்தான் 2016இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று விழா எடுத்தோம். ஆனால் அந்த வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவர் இருந்தார். உள்ளே வந்த பிள்ளையைத் தக்கவைக்க ஆள் இல்லை.

பிற்பாடு தோட்டப் பள்ளிகள் வந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாத்தியாருக்குப் பிள்ளையின் பாட்டியையும் தெரியும். அங்கிருந்து கிளம்பி, எல்லாப் பாடமும் மலாயில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்? மலாயில் தேறாதவர்களுக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு வைத்தார்கள்.

நானும் தோட்டப் பள்ளிப் பிள்ளைதான். புகுமுக வகுப்பில் எங்களோடு இருந்த ஒரு பையனுக்கு மலாயில் வாய் திறக்கக் கூச்சம். ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்க வெட்கப்பட்டு, இடைவேளை மணி அடிக்கும் வரை அடக்கிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் முடியவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. பிறகு அவனைப் பால் வாளியோடுதான் பார்த்தேன்.

நாம் செய்யக்கூடியது இருக்கிறது. முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போகட்டும். மேல் வகுப்புப் பிள்ளை கீழ் வகுப்புப் பிள்ளைக்குத் துணை. வீட்டில் தினமும் பத்து நிமிடம் மலாய்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. பதினைந்து கையெழுத்து நமக்குக் கஷ்டமா?

இன்னொன்று, பிறப்புப் பத்திரம். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். தாய் தகப்பனில் ஒருவராவது மலேசியக் குடிமகனாக இருந்தால், பத்திரம் இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க 2019இல் கல்வி அமைச்சு வழி செய்தது. 'சூரா இல்லை, அதனால் பள்ளி இல்லை' என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில் கேளுங்கள், பத்திரத்துக்கும் மனுப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நம் தாத்தா பாட்டிமார் ரஜூலா போன்ற கப்பல்களில் பினாங்குக்கு வந்தவர்கள். ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டுக் கிடந்தவர்களும் உண்டு. இன்று அதே பினாங்கில் ரோஹிங்யா அகதிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அரசாங்கப் பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை. தொண்டர்கள் நடத்தும் வகுப்புகளில் படிக்கிறார்கள். கடைத்தெருவில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நம்ம பிள்ளை கேலி பேசினால், அங்கேயே கண்டியுங்கள். வகுப்பே சிரித்தால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், "என்ன மார்க்கு?" என்று கேட்கும் முன், "பள்ளியில் யாரோடு உட்காருகிறாய்?" என்று கேளுங்கள். 'யாரும் இல்லை' என்று பதில் வந்தால், நாளைக்கே பள்ளிக்குப் புறப்படுங்கள்.