பழைய சங்கிலி ரம்ப எஞ்சினில் எரியூட்டல் நேரத்தைச் சரிசெய்தல்

பழைய சங்கிலி ரம்பங்களின் இருவீச்சு பெட்ரோல் எஞ்சினில், பிஸ்டன் மேலேறி வரும்போது எந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட வேண்டும் என்பதைத் துல்லியமாக அமைக்கும் வேலை எரியூட்டல் நேரத்தைச் சரிசெய்தல் எனப்படும். மெக்கானிக்குகள் இதைச் சுருக்கமாக 'டைமிங் வைத்தல்' என்பர். காண்டாக்ட் பாயின்ட் கொண்ட மேக்னட்டோ எஞ்சின்களுக்கே இவ்வேலை பெரிதும் தேவைப்படுகிறது. நேரம் பிசகினால் எஞ்சினின் வலு குறையும். பிசகு பெரிதானால் பிஸ்டன் ஓட்டையாகலாம், ஸ்டார்ட் செய்பவரின் கையும் காயப்படலாம்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஒருவரே தூக்கிப் பயன்படுத்தக்கூடிய சங்கிலி ரம்பங்கள் பரவின. அமெரிக்காவின் மெக்கலக் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட 3-25 மாதிரியும், ஜெர்மனியின் ஷ்டீல் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கான்ட்ரா மாதிரியும் அக்காலத்தில் பெயர் பெற்றவை. பேட்டரி சுமக்க இயலாத இவ்வகைக் கருவிகளுக்கு மேக்னட்டோவே மின்சாரம் தந்தது. 1968-இல் பாயின்ட் இல்லாத மின்னணு எரியூட்டல் ஷ்டீல் ரம்பங்களில் அறிமுகமானது. பிறகு மற்ற நிறுவனங்களும் படிப்படியாக அம்முறைக்கு மாறின.

முன்கூட்டியே தீப்பொறி ஏன்?

பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. சுடர் பரவிச் சிலிண்டரில் அழுத்தம் உச்சம் பெறச் சிறிது நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கியதும் அந்த உச்ச அழுத்தம் கிடைத்தால்தான் வலு முழுமையாகப் பயன்படும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி விழ வேண்டும். இந்த முன்னளவு பல ரம்பங்களில் 20° முதல் 30° வரை இருக்கும். நிமிடத்துக்கு 9000 சுற்று ஓடும் எஞ்சினில் 25° என்பது அரை மில்லிநொடிக்கும் குறைவான நேரமே.

கையேடுகள் இதைக் கோண அளவாகவோ, பிஸ்டன் உச்சிக்குக் கீழே எத்தனை மி.மீ. என்றோ குறிப்பிடும். எடுத்துக்காட்டாக, 40 மி.மீ. வீச்சும் 70 மி.மீ. இணைப்புத் தண்டும் கொண்ட எஞ்சினில் 25° என்பது உச்சிக்குக் கீழே ஏறத்தாழ 2.4 மி.மீ. ஆகும். ஒவ்வொரு மாதிரிக்கும் இவ்வளவு மாறும் என்பதால் அந்தந்த எஞ்சினின் கையேட்டு அளவையே பின்பற்ற வேண்டும்.

மேக்னட்டோ இயங்கும் விதம்

பிளைவீலில் பதித்த காந்தங்கள் காயிலைக் கடக்கும்போது அதன் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் உண்டாகிறது. அப்போது பாயின்ட் மூடியிருக்கும். கேம் பாயின்டைத் திறந்ததும் மின்னோட்டம் சட்டென அறுபட, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஆக, பாயின்ட் திறக்கும் கணமே தீப்பொறி விழும் கணம். பாயின்டோடு இணைந்த கண்டென்சர், முனைகள் தீய்ந்து போகாமல் காக்கிறது.

முதன்மை மின்னோட்டம் வலுவாக இருக்கும் வேளையில் பாயின்ட் திறந்தால்தான் பொறி வலுவாக இருக்கும். பாயின்டும் காயிலும் ஒரே தட்டில் இருந்தால், தட்டைத் திருப்பும்போது இரண்டும் சேர்ந்தே நகர்வதால் இப்பொருத்தம் கெடாது. பாயின்ட் இடைவெளியை மட்டும் அதிகமாக மாற்றினால் நேரமும் மாறும், பொறியின் வலுவும் குறையும்.

நேரம் பிசகக் காரணங்கள்

- கேம் மீது உராயும் பாயின்டின் அடிக்கட்டை தேய்தல். இடைவெளி குறைந்து பாயின்ட் தாமதமாகத் திறக்கும்.
- தட்டின் திருகுகள் தளர்தல்.
- பிளைவீல் சாவி நசுங்குதல். கேம் பிளைவீலோடு சேர்ந்திருந்தால் நேரம் மாறும். கிராங்க் அச்சில் தனியாக இருந்தால் நேரம் மாறாமல் பொறி மட்டும் வலுவிழக்கும்.
- கிராங்க் பேரிங் தேய்தல். அச்சு ஆடுவதால் பாயின்ட் இடைவெளி ஒரே அளவில் நிற்காது.

அறிகுறிகள்

நேரம் அதிகம் முந்தினால் ஸ்டார்ட்டர் கயிறு பின்னோக்கி வெட்டி இழுக்கும். சுமை ஏறும்போது தட்டும் ஓசை கேட்கும். பிஸ்டன் தலை மிகையாகச் சூடேறும். நேரம் பிந்தினால் எஞ்சின் மந்தமாக ஓடும், சைலன்சர் அளவுமீறிச் சூடாகும், வேகம் எடுக்காது. கார்புரேட்டர் கலவை மெலிந்தாலும், கிராங்க்கேஸ் சீலில் காற்று கசிந்தாலும் இவற்றில் சில அறிகுறிகள் தோன்றும். ஆகவே முதலில் நேரத்தைச் சரிபார்த்து, காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்து, கடைசியில் கார்புரேட்டரைத் தொடுவதே முறை.

சரிசெய்யும் முறை

1. பெட்ரோலை வடித்து, சங்கிலியையும் பிளக்கையும் கழற்ற வேண்டும். பிறகு ஸ்டார்ட்டர் மூடியை அகற்ற வேண்டும்.

2. பிளைவீல் நட்டைக் கழற்ற எஞ்சின் சுழலாமல் நிற்க வேண்டும். பிஸ்டன் மேலேறி, துளைவாய்கள் மூடிய பிறகு பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றைச் செலுத்தலாம். துளைவாய் திறந்திருக்கும்போது செலுத்தினால் கயிறு அதன் விளிம்பில் சிக்கிக்கொள்ளும். பிளைவீலைப் புல்லர் கொண்டே எடுக்க வேண்டும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் அது வெடிக்கலாம்.

3. பாயின்ட் முனைகளை மெல்லிய அரத்தால் சமன்செய்து, சுத்தமான தாளால் துடைக்க வேண்டும். குழிகள் ஆழமாக இருந்தால் பாயின்டையும் கண்டென்சரையும் மாற்றுவது நல்லது.

4. கேம் பாயின்டை முழுமையாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியை வைக்க வேண்டும். பல எஞ்சின்களில் இது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கும். இடைவெளியை மாற்றினால் நேரமும் மாறும் என்பதால் இப்படியே முதலில் வர வேண்டும்.

5. பிளக் துளையில் டயல் கேஜ் பொருத்திப் பிஸ்டனின் உச்சி நிலையைக் காண வேண்டும். துளை சாய்வாக இருந்தால் இந்த அளவு பிழையாகும். அப்போது பாகைத் தட்டையும் பிஸ்டன் தடுப்பானையும் பயன்படுத்தலாம். எஞ்சினை இரு திசையிலும் மெல்லத் திருப்பி, பிஸ்டன் தடுக்கப்படும் இரு புள்ளிகளைக் குறித்தால் அவற்றின் நடுப்புள்ளியே உச்சி.

6. பிஸ்டனைக் கையேட்டு அளவுக்கும் சற்றுக் கீழே இறக்கி, பின்னர் எஞ்சின் ஓடும் திசையில் திருப்பி அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சரியாக அங்கே பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். முனைகளுக்கிடையே வைத்த மெல்லிய தாள் அக்கணத்தில் வழுக்கி வரும். மல்டிமீட்டர் பயன்படுத்துவதானால் முதன்மைக் கம்பியைத் துண்டிக்க வேண்டும். இல்லையேல் காயிலின் மிகக் குறைந்த மின்தடையால் பாயின்ட் எப்போதும் மூடியிருப்பதுபோலவே காட்டும்.

7. பாயின்ட் தாமதமாகத் திறந்தால் தட்டை எஞ்சின் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். முந்தித் திறந்தால் சுழலும் திசையிலேயே திருப்ப வேண்டும். தட்டு அசையாத மாதிரிகளில் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் பாயின்ட் இடைவெளியை மட்டுமே மாற்ற முடியும்.

8. திருகுகளை இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது தட்டு நகர்வதுண்டு. கூம்பு அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துப் பிளைவீலைப் பூட்ட வேண்டும். பிளைவீலைப் பிடித்து நிறுத்துவது கூம்பின் பிடிமானமே. சாவி இடத்தைக் காட்ட மட்டும் உதவுகிறது. காயில் பிளைவீலுக்கு வெளியே இருந்தால், அதற்கும் காந்தத்துக்கும் இடையே கையேட்டு அளவு இடைவெளி விட வேண்டும்.

சரிபார்த்தல்

பிளைவீலில் உச்சிக் குறியும் முன்னளவுக் குறியும் இட்டு, டைமிங் லைட்டின் ஒளியில் பார்க்கலாம். 120 மி.மீ. விட்டமுள்ள பிளைவீலின் விளிம்பில் 1° என்பது சுமார் 1 மி.மீ. என்பதால் குறியிடுவது எளிது. பிளக்கைக் கழற்றி உலோக உடலோடு தொடுமாறு வைத்து, பிளைவீல் நட்டை மின்துளைப்பானால் சுழற்றிச் சோதிப்பர். எஞ்சின் ஓடும் திசையில் நட் இறுகுவதாக இருந்தால் மட்டுமே இவ்வாறு செய்யலாம். சிலிண்டரில் பெட்ரோல் ஆவி இருக்கக்கூடும் என்பதால் பிளக்கைத் துளைக்கு அருகே வைக்கக் கூடாது.

மின்னணு மாற்றமைப்பு

பழைய பாயின்டுக்குப் பதிலாகச் சிறு மின்னணு மாட்யூல் பொருத்துவதும் உண்டு. தேய்மானம் இல்லாதது இதன் நன்மை. ஆனால் பாயின்ட் திறக்கும் கணத்திலேயே மாட்யூலும் பொறி விடும் என்று சொல்ல முடியாது. எனவே பொருத்திய பின் டைமிங் லைட்டால் அளந்து, தேவையானால் தட்டைத் திருப்பி அமைக்க வேண்டும். அளக்காமல் ஓட்டினால், பிசகு இருப்பது பிஸ்டன் கெட்ட பிறகே தெரியவரும்.