செருப்பு ஏன் கடிக்கிறது?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். இந்தக் கணக்கில் செருப்புக்கு இடமே இல்லை!

கடைத்தெருவிலும் அப்படித்தான். தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால் அரை நாள் ஆகும். இருக்கிற புடவைகளை எல்லாம் பிரித்துப் போடச் சொல்வார்கள். கரை பார்ப்பார்கள். முந்தானை பார்ப்பார்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சாயம் பார்ப்பார்கள். கடைசியில், நேரமாகிவிட்டது என்று அவசரம் அவசரமாகச் செருப்புக் கடைக்குள் நுழைவார்கள்.

"என்ன நம்பர்?"

"எட்டு."

கால் நுழைகிறது. காசு கொடுத்தாகிவிட்டது. ஐந்தே நிமிடம்!

மறுநாள் மாலை குதிகாலில் கொப்புளம். சுண்டுவிரல் சிவந்துபோயிருக்கிறது.

"புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். செருப்பை விற்றவரும் அதையேதான் சொல்வார். வாரில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி யோசனையும் கிடைக்கும்.

இதில் கால்வாசிதான் உண்மை. தோல் செருப்பு என்றால் வார் கொஞ்சம் இளகும். அகலத்தில் சிறிது இடம் கிடைக்கும். ஆனால் நீளம் ஒரு நூல்கூட அதிகமாகாது. ரெக்சின், பிளாஸ்டிக் செருப்புகள் அந்த அளவுக்குக்கூட இளகுவதில்லை. கடையில் கடிக்கிற செருப்பு வீட்டிலும் கடிக்கும்.

சிறிய செருப்பு அழுத்திக் கடிக்கும். பெரிய செருப்பு உராய்ந்து கடிக்கும். பெரிய செருப்பும் கடிக்குமா? கடிக்கும்! ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும். குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள் நடக்கிறோம். அத்தனை முறை தேய்த்தால் தோல் என்ன ஆகும்?

வாற்கோதுமைக் கணக்கு

எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்கிறோமே, இந்த நம்பர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் இருந்து வந்தது. அந்தக் காலத்தில் அங்கே வாற்கோதுமை மணியை வைத்து நீளம் அளந்தார்கள். மூன்று மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். செருப்பு நம்பருக்கும் அந்தக் கணக்கே நிலைத்துவிட்டது. ஒரு நம்பர் கூடினால் ஒரு மணி நீளம் கூடுகிறது. அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர்.

குழந்தைகளுக்கு 13 வரை எண்ணிவிட்டு, மறுபடியும் 1-ல் தொடங்குகிறார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் கணக்கே வேறு. அங்கே ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம். அதனால்தான் பல ஜோடிகளில் 8 என்றும் 42 என்றும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நம்பர் இவை இரண்டிலும் சேராது.

இத்தனை குழப்பமும் நீளத்துக்கு மட்டுமே! அகலத்தை இந்த நம்பர் சொல்வதே இல்லை.

முன்பெல்லாம் செருப்பு தைப்பவர் ஒரு காகிதத்தை விரித்து, அதன் மேல் காலை வைக்கச் சொல்வார். சுற்றிலும் பென்சிலால் கோடு போடுவார். பிறகு ஒரு நாடாவால் பாதத்தின் சுற்றளவை எடுப்பார். நீளம், அகலம், பருமன் மூன்றும் அவர் கைக்கு வந்துவிடும். தொழிற்சாலைச் செருப்பு அப்படி அல்ல. கால் வடிவில் ஓர் அச்சு செய்து, அதன் மேல் ஆயிரம் ஜோடிகளை வார்த்துத் தள்ளுகிறார்கள். அந்த அச்சு யாருடைய காலைப் போல் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு லட்சம் கால்கள்

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள் பல நம் மாநிலத்தில் இருப்பதால், இந்த நிலையத்தைத் தொழில் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை.

இந்த நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் கால்களை அளந்தார்கள். 79 இடங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். நாடாவால் அல்ல. பாதத்தை எல்லாப் பக்கமும் படம் பிடிக்கும் கருவியால் அளந்தார்கள்.

என்ன தெரிந்தது? இந்தியர்களின் பாதம் மேல்நாட்டாரின் பாதத்தைவிட அகலமானது!

மேல்நாட்டு அளவில் செய்த குறுகலான பூட்ஸை நம் ஆள் போட்டுப் பார்க்கிறார். பக்கவாட்டில் இறுக்குகிறது. என்ன செய்வார்? ஒரு நம்பர் பெரியதாகக் கேட்கிறார். அகலம் சரியாகிவிடுகிறது, நீளம் மிஞ்சிவிடுகிறது. கால் உள்ளே ஆடுகிறது. கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். மேல்புறம் வலிக்கிறது. பழியெல்லாம் "என் கால் ஒரு மாதிரி" என்று காலின் மேல் விழுகிறது. காலில் எந்தக் கோளாறும் இல்லை. அச்சுதான் வேறொருவருடையது.

இந்தக் கணக்கெடுப்பை வைத்து இந்தியர்களுக்கென்றே தனி அளவு முறை ஒன்றை வகுத்திருக்கிறார்கள். 'பாரத்' என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு அதற்கு 'பா' என்று பெயர். பச்சைக் குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள். 2024-ல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயது வாக்கில் உச்சத்தை எட்டுகிறதாம். ஆண்களுக்கு 15, 16 வயது. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குச் செருப்பு அடிக்கடி பற்றாமல் போகிறதே என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவு பார்க்கும் விதம்

செருப்பு வாங்க மாலையில் போக வேண்டும். பகல் முழுவதும் நின்று நடந்த கால், சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் பிடிக்கும்.

உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்தால் போதாது. எழுந்து நின்றால்தான் உடம்பின் பாரம் இறங்கிப் பாதம் விரியும். இரண்டு காலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். பலருக்கு இரண்டு பாதங்களும் ஒரே அளவு அல்ல. பெரிய காலுக்குத் தகுந்ததையே வாங்க வேண்டும்.

பூட்ஸ் என்றால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நீளமான விரல் என்றால் பெருவிரல்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பலருக்கு இரண்டாவது விரலே நீளம். பாதத்தின் அகலமான இடமும் பூட்ஸின் அகலமான இடமும் நேருக்கு நேர் அமைய வேண்டும். நடக்கும்போது விரல்களின் அடிப்பகுதியில் பூட்ஸ் மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் அது உதவாது. வழக்கமாகப் போடும் காலுறையுடனே போட்டுப் பாருங்கள். கடைக்குள்ளேயே பத்து அடி நடந்து பாருங்கள். கூச்சம் வேண்டாம். காசு உங்களுடையது.

வார்ச் செருப்புக்கு வேறு சோதனை. குதிகால் பின்பக்கம் வெளியே தொங்கக் கூடாது. விரல்கள் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது. நடக்கும்போது செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் அது தளர்ந்த செருப்பு.

குழந்தைகளுக்கு "வளரும் பிள்ளைதானே" என்று இரண்டு நம்பர் பெரியதாக வாங்குவது நம் வீட்டு வழக்கம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் தடுக்கி விழுந்து பல் உடைந்தால் சிக்கனம் எங்கே? அரை அங்குலம் இடம் விட்டால் போதும். சில மாதங்களுக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். அண்ணன் போட்டுத் தேய்த்த பூட்ஸைத் தம்பிக்குக் கொடுப்பதும் சரியல்ல. அது அண்ணனின் காலுக்கு ஏற்பப் பள்ளம் விழுந்து, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

உயரும் குதிகால்

மோஸ்தர் மாறிக்கொண்டே இருக்கிறது. 1960-களில் கூர்முனை பூட்ஸ் வந்தது. 1970-களில் அடி தடித்த செருப்பு வந்தது. இப்போது கல்லூரிப் பெண்கள் புடவைக்குக்கூடக் கயிறு கட்டிய விளையாட்டு பூட்ஸ் போடுகிறார்கள். பாட்டிமார்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் காலைக் கேட்டால், இந்த மோஸ்தருக்குத்தான் ஓட்டுப் போடும்!

குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் எந்த மோஸ்தரிலும் போவதில்லை. அது ஆளை உயரமாகக் காட்டுகிறது. நடைக்கு ஒரு மிடுக்கு வருகிறது. போடவே கூடாது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? விஷயம் இதுதான். குதிகால் உயர உயர, உடம்பின் பாரம் முன்பாதத்தில் சரிகிறது. முனையும் கூராக இருந்தால் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன. பல ஆண்டுகள் தினமும் போட்டால் கெண்டைக்கால் தசை குறுகிவிடும். பிறகு வெறுங்காலில் நடந்தாலே வலிக்கும்.

கல்யாணம், வரவேற்புக்குப் போடுங்கள். அன்றாட வேலைக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் போதும். ஊசிபோல் இருப்பதைவிட அகலமான குதி நல்லது. கணுக்காலைப் பிடிக்கும் வார் இருந்தால் இன்னும் நல்லது.

இதில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் புடவை கட்ட வேண்டும். முதலில் புடவையைக் கட்டி, பிறகு உயரமான செருப்பில் ஏறினால் கரை மேலே தூக்கிக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பட்டானாலும் கட்டு எடுபடாது. ஆண்களுக்கும் இதே யோசனைதான். கால்சட்டைக்கு அளவு கொடுக்கும்போது, அதோடு போடப்போகும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

சட்டையின் தோள்

ஆயத்த உடைகளிலும் இதே நம்பர் குழப்பம் உண்டு. சட்டையில் 40 என்று இருக்கும். ஒரு கம்பெனிக்கு அது மார்பின் அங்குலம். இன்னொரு கம்பெனிக்குக் கழுத்துப்பட்டையின் சென்டிமீட்டர்! இந்தியர்களின் உடல் அளவுகளையும் எடுக்க, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் சென்னை உட்பட ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

வாங்குகிறவருக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தையல்காரருக்கு அது சுலபம். தோளைத் திருத்துவது பெரிய வேலை. கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். ரவிக்கை தைத்து வாங்கும் பெண்கள், இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ரவிக்கையும் கூடவே ஏறினால் கைக்குழி சரியில்லை. உள்துணியை நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

குழாய்க் கால்சட்டை போனது, தெருவைக் கூட்டிய பெல்பாட்டம் வந்தது, அதுவும் போனது, மறுபடி தோலோடு ஒட்டியது வந்தது, இப்போது மறுபடி தொளதொள. எது வந்தாலும் தோள் இருக்கும் இடம் மாறப்போவதில்லை.

வலி தெரியாத கால்

சட்டை பொருந்தாவிட்டால் தோற்றம்தான் கெடும். செருப்பு பொருந்தாவிட்டால் காலையே இழக்கும் அபாயம் சிலருக்கு உண்டு. அவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள்.

2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. இந்த வியாதி நாட்பட்டால் பலருக்குக் கால் மரத்துப்போகும். செருப்பு கடிக்கும், ஆனால் கடிப்பது தெரியாது! புண் ஆகும், புண்ணும் தெரியாது. சீழ் பிடித்து, துர்நாற்றம் வந்த பிறகே கவனிப்பார்கள். அதற்குள் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்துவிடுவதும் உண்டு.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். நோய்தான் சதையை அரிக்கிறது என்று அதுவரை நம்பினார்கள். அப்படி அல்ல, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் புண் ஆகிறது என்று அவர் காட்டினார். காற்றுக் குமிழிகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரை வைத்து அந்த நோயாளிகளுக்குச் செருப்புகள் செய்தார்கள். அதே ரப்பர்தான் இன்று சர்க்கரை வியாதிக்காரர்களின் செருப்பிலும் இருக்கிறது. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் கிடைக்கும்.

கால் மரத்தவர்கள், விரலிடுக்கில் வார் நுழையும் செருப்பைத் தவிர்க்க வேண்டும். பின்வார் உள்ளதாக, ஒட்டிப் பிரிக்கும் பட்டை வைத்ததாகப் பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் கோயில் கல் தளத்தில் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. காலையிலோ மாலையிலோ போய்வரலாம். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். கல், ஆணி எதுவும் இருக்கலாம். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். அல்லது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

புதுச் செருப்பு வாங்கியதும் அதைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடக் கூடாது. முதல் நாள் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நடக்க வேண்டும். கழற்றி, பாதம் முழுவதையும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறைந்துவிட்டால் மறுநாள் ஒரு மணி நேரம் போடலாம். மறையாவிட்டால் அந்தச் செருப்பு ஆகாது. வீட்டுக்குள் மட்டும் நடந்ததால் அடியில் மண் ஒட்டியிருக்காது. கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.