சங்கம்மாளுக்காகக் கலங்கினோம்

நாவலில் வரும் குடும்பத்துக்காகக் கண்ணீர் விடும் அன்பர்கள் நம்மில் பலர். முன்பு மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் உள்ள மாதேஸ்வரன் மலையில், நாமோ வாய்மொழிக் கதையொன்றுக்குக் கலங்கினோம்.

கம்சாளே என்னும் வெண்கலத் தாளம் தட்டிக் கன்னடத்தில் பாடப்பெறும் மாதேஸ்வரர் காவியத்தில் சங்கம்மாள் கதை அது. கானகம் புறப்படும் கணவன் நீலையன், கற்புக்குச் சத்தியம் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். குற்றமற்றவள் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்? அவளை வதைத்து அடைத்துவிட்டுச் செல்கிறான். மாதேஸ்வரர் மீட்டு, காரையன், பில்லையன் என இரு மைந்தரைப் பெற வரமளிக்கிறார்.

பாதிக் கன்னடமே நமக்குப் புரிந்தது. ஆயினும் நீலையன்மீது பற்களைக் கடித்தோம். அருகிலிருந்த இல்லாள் மெல்லச் சொன்னாள்: "சென்ற மாதம் சம்பளக் கணக்குக்கு என்னிடமும் சத்தியம் கேட்டீர்களே!"

மலையிறங்கிக் கொள்ளேகாலம் வரும்வரை நாம் வாய் திறக்கவில்லை.